அகல வரியுருவும் தமிழ் எழுத்தும்: வரைகலை இடைமுகக் கருவித்தொகுதிகளில் தமிழ்க் காட்சிப்படுத்தம்

ஆய்வுச் சுருக்கம்

கணினித் திரையில் பொத்தான், பட்டி, உரைப்பெட்டி முதலியவற்றை உருவாக்கித் தரும் நிரல் தொகுப்பு வரைகலை இடைமுகக் கருவித்தொகுதி எனப்படும். இத்தொகுதிகள் ஒற்றை பைட்டு எழுத்துமுறையிலிருந்து அகல வரியுரு முறைக்கு மாறியபோது உலக மொழிகள் அனைத்தும் திரையேறிவிட்டதாகக் கருதப்பட்டது. தமிழைப் பொறுத்தவரை அம்மாற்றம் சேமிப்புச் சிக்கலை மட்டுமே தீர்த்தது. காட்சிச் சிக்கலும் திருத்தச் சிக்கலும் எஞ்சின. புதுக்கோட்டை மாவட்டம் ஆலங்குடியையும் அதன் சுற்றுவட்டார ஊர்ப்பெயர்களையும் சான்றுகளாகக் கொண்டு இவ்வேறுபாட்டை இக்கட்டுரை விளக்குகின்றது.

திறவுச் சொற்கள்: அகல வரியுரு, யூனிகோடு, டேஸ்-16, வடிவாக்கம், கருவித்தொகுதி, எழுத்து

முன்னுரை

ஊர்ப்பெயர் ஆய்வில் ஈடுபடும் ஒருவர், தரவுகளை உள்ளிடுவதற்காகப் பைதான் மொழியில் சிறிய சாளரம் ஒன்றை அமைப்பதாகக் கொள்வோம். பைதானுடன் இயல்பாகவே கிடைக்கும் டிகின்டர் என்னும் கருவித்தொகுதியே அவர் கைக்கு முதலில் எட்டும். சாளரத்தின் தலைப்பில் ‘ஆலங்குடி’ என்று இடுகிறார். விண்டோஸ் கணினியில் அது பிழையின்றித் தெரிகின்றது. அதே நிரலைத் துறையிலுள்ள லினக்ஸ் கணினியில் இயக்குகிறார். உகர, இகரக் குறிகள் சற்று விலகி நின்றாலும் பெயரைப் படிக்க முடிகின்றது. நிரல் இரண்டிலும் இயங்குகிறது என்ற முடிவுக்கு அவர் வந்துவிடுகிறார். பின்னர் ‘புதுக்கோட்டை’ என உள்ளிடும்போதுதான் கோவின் ஏகாரக் கொம்பு ககரத்திற்கு வலப்புறம் நிற்பதும், ஐகாரக் குறி சொல்லின் கடைசியில் தனித்துத் தொங்குவதும் கண்ணில் படுகின்றன.

‘ஆலங்குடி’ என்னும் சொல்லில் மெய்யெழுத்தின் இடப்புறம் வந்து சேரும் குறி ஒன்றுகூட இல்லை. ‘புதுக்கோட்டை’யில் இரண்டு உள்ளன. ஆகவே முதற்சொல் சோதனையில் தேறிவிடுகிறது. இரண்டாம் சொல் குறையைக் காட்டிக்கொடுக்கிறது. தமிழை ஆதரிப்பதாக அறிவித்துக்கொள்ளும் மென்பொருள்கள் பலவும் ஆலங்குடி வரை வந்து நின்றுவிட்டவை எனலாம்.

ஒற்றை பைட்டுக் காலம்

கருவித்தொகுதிகளின் தொடக்கக்கால வடிவமைப்பு எளிய எடுகோள் ஒன்றன்மீது எழுந்தது. ஓர் எழுத்துக்கு ஓர் எண். ஓர் எண்ணுக்கு எழுத்துருவில் ஒரு வரிவடிவம். வரிவடிவங்களை இடமிருந்து வலமாக அடுக்கினால் சொல் கிடைத்துவிடும். எட்டு பிட்டுகளைக் கொண்ட ஒரு பைட்டில் 256 எண்கள் அடங்கும். ஆங்கிலத்திற்கு அதில் பாதியே போதும்.

தமிழ்க் கணிமை முன்னோடிகள் எஞ்சிய பாதியைத் தமக்காக்கிக் கொண்டனர். டிஸ்கி, டேப், டேம் முதலிய குறியேற்றங்கள் இவ்வாறு தோன்றியவை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து டேப், டேம் ஆகியவை தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. டிஸ்கி முறையில் கொம்பு தனிக்குறி; அது மெய்க்கு முன்னரே, அதாவது தாளில் எழுதும் வரிசையிலேயே, சேமிக்கப்பட்டது. கருவித்தொகுதிக்குத் தமிழைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. எழுத்துருவை மாற்றினால் போதும். ஆங்கிலம் காட்டும் பெட்டி தமிழைக் காட்டும். கிடைத்த கருவியை வைத்துக்கொண்டு செய்யப்பட்ட இவ்வேலை மதிக்கத்தக்கது. ஆனால் அதன் விலையும் பெரிது. எழுத்துரு இல்லாத கணினியில் அதே உரை பொருளற்ற இலத்தீன் குறிகளாகத் தோன்றியது. ஒரு குறியேற்றத்தில் தட்டச்சு செய்யப்பட்ட ஆய்வேட்டை வேறொரு குறியேற்ற எழுத்துருவில் திறந்தவர்கள் அந்நிலையை மறந்திருக்க மாட்டார்கள்.

கியூட்டி என்னும் கருவித்தொகுதியின் மூலநிரலில் இக்காலத்தின் தடம் ஒன்று உள்ளது. டிஸ்கி உரையை யூனிகோடாகவும் யூனிகோடை டிஸ்கியாகவும் மாற்றும் கோப்பு அதில் இடம்பெற்றிருந்தது. ஹான்ஸ் பீட்டர் பீக்கர் என்பவர் எழுதி அளித்த அக்கோப்பின் உரிமைக் குறிப்பு 2000ஆம் ஆண்டைச் சுட்டுகின்றது. உலகளாவிய கருவித்தொகுதி ஒன்று தமிழின் பழைய குறியேற்றத்திற்குக் கதவைத் திறந்து வைத்திருந்தது குறிப்பிடத்தக்கது.

அகல வரியுருவின் வருகை

சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய மொழிகளுக்கு 256 இடங்கள் எவ்வகையிலும் போதா. 1990ஆம் ஆண்டின் பன்னாட்டுச் சி மொழித் தரம் ஒரு பைட்டினும் பெரிய ‘அகல வரியுரு’ என்னும் தரவு வகையை ஏற்றுக்கொண்டது. எக்ஸ் சாளர முறைமையின் 1991ஆம் ஆண்டுப் பதிப்பு அகல வரியுருக்களை வரைவதற்கான செயற்கூறுகளைச் சேர்த்தது. அதே ஆண்டு அக்டோபரில் யூனிகோடு 1.0 வெளியாயிற்று. 1993இல் வந்த விண்டோஸ் என்டி, 16 பிட்டு வரியுருவை இயக்குதளத்தின் அடித்தளமாகவே ஆக்கிக்கொண்டது. 1999இல் கியூட்டி 2.0 தன் உரைச்சரத்தை 16 பிட்டு யூனிகோடுக்கு மாற்றியது, டிசிஎல் 8.1உம் அவ்வாண்டிலேயே யூனிகோடை ஏற்றது. எஃப்எல்டிகே போன்ற சிறிய கருவித்தொகுதிகள் 2011 வரை காத்திருந்தன.

16 பிட்டுகள் 65,536 எண்களைத் தரும். அவற்றுள் 2944 முதல் 3071 வரையிலான 128 இடங்கள் தமிழுக்கு ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவை ஒட்டி இவ்வொதுக்கீடு அமைந்தது. 128 இடங்களில் 247 எழுத்துகள் அடங்கா என்பது வெளிப்படை. உயிர்கள், ஆய்தம், அகரமேறிய மெய்கள், உயிர்க்குறிகள், புள்ளி, எண்கள் ஆகியவையே இடம்பெற்றன. உயிர்மெய், மெய்யும் குறியும் சேர்ந்த தொடராயிற்று. தனிமெய்யும் புள்ளி சேர்ந்த தொடரே ஆயிற்று. தொல்காப்பிய நோக்கில் மெய்யே அடிப்படை, உயிர் அதன்மேல் ஏறுவது. யூனிகோடிலோ அகரமேறிய மெய்யே அடிப்படை, புள்ளி அதனின்று அகரத்தை நீக்குவது. இவ்வரிசை மாற்றத்தைத் தமிழறிஞர் பலர் குறையாகவே கண்டனர். அக்கருத்து இலக்கண நோக்கில் புறந்தள்ளத்தக்கதன்று.

ஆலங்குடி என்னும் பெயரை இம்முறையில் பிரித்துக் காணலாம். அதன் குறியெண்கள் முறையே 2950, 2994, 2969, 3021, 2965, 3009, 2975, 3007 என அமையும். இவற்றுள் 3021 புள்ளி, 3009 உகரக்குறி, 3007 இகரக்குறி. ஆ, ல, ங், கு, டி என எழுத்து ஐந்து, வரியுரு எட்டு. 16 பிட்டு முறையில் அது 16 பைட்டுகளையும், விண்டோஸ் அல்லாத பெரும்பான்மை முறைமைகள் பின்பற்றும் 32 பிட்டு அகல வரியுருவில் 32 பைட்டுகளையும், இன்று இணையத்தில் வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் 24 பைட்டுகளையும் கொள்ளும். பைதான் 3இல் இப்பெயரின் நீளத்தைக் கேட்டால் எட்டு என்றே விடை வரும். ஐந்து என்னும் விடையைத் தருவதற்கு ஓபன்-தமிழ் போன்ற தனி நிரலகம் தேவைப்படுகின்றது.

சேமிப்பு முடிந்தது, இனிக் காட்சி

அகல வரியுருவைச் சேர்ப்பது கருவித்தொகுதி உருவாக்குநருக்கு எளிய வேலையன்று. பைட்டு எனக் கருதி எழுதப்பட்ட செயற்கூறுகள் அனைத்தையும் தேடி மாற்ற வேண்டும். கோப்பு, விசைப்பலகை, ஒட்டுப்பலகை ஆகிய ஒவ்வொன்றிலும் குறியேற்ற மாற்றம் வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தவர் தம் பணி நிறைவுற்றதாகக் கருதுவது இயல்பே. கிரேக்கமும் உருசியமும் அப்போதே திரையில் ஒழுங்காகத் தோன்றிவிடும், ஜப்பானியமும் தோன்றிவிடும். அவை ‘ஓர் எண்ணுக்கு ஒரு வரிவடிவம்’ என்ற பழைய எடுகோளை மீறுவதில்லை. எண் பெரிதாயிற்று என்பதே வேறுபாடு.

தமிழ் அவ்வெடுகோளை நான்கு வகையில் மீறுகின்றது. எகர, ஏகார, ஐகாரக் குறிகள் ஒலிப்பில் மெய்க்குப் பின்னும் எழுத்தில் மெய்க்கு முன்னும் வருவன. ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் மெய்யை இருபுறமும் அணைப்பன. உகர, ஊகாரக் குறிகள் மெய்யோடு உருகி, கு, சு, டு, ணு, மு என மெய்க்கு மெய் வேறுபட்ட வடிவம் பெறுவன. டி, டீ போல்வனவும் இவ்வினத்தன. புள்ளி மெய்யின் அகலத்திற்கேற்பத் தலைமேல் இடம் பெயர்வது. இந்நான்கையும் செய்து முடிப்பதே வடிவாக்கம் எனப்படும். வரியுருத் தொடரை வாங்கி, அதனை எழுத்துத் தொகுதிகளாகப் பகுத்து, இருகூறான குறிகளைப் பிரித்து, இடக்கூறை முன்னே நகர்த்தி, எழுத்துருவிலுள்ள பதிலீட்டு அட்டவணைகளின்படி கூட்டு வடிவங்களைத் தேர்ந்து, இறுதியில் ஒவ்வொன்றின் இடத்தையும் கணிப்பது அதன் பணி.

இடக்கூறு எவ்வளவு தொலைவு முன்னே செல்ல வேண்டும் என்பதில் தமிழுக்குத் தனித்தன்மை உண்டு. தேவநாகரி முதலிய எழுத்துமுறைகளில் மெய்ம்மயக்கம் கூட்டெழுத்தாவதால், இடப்புறக் குறி கூட்டெழுத்து முழுவதையும் கடந்து முன்னே செல்லும். தமிழில் மெய் புள்ளியோடு தனித்தே நிற்கும். எனவே ‘க்கோ’ என்பதில் கொம்பு ‘க்’ என்பதைத் தாண்டாமல் இரண்டாம் ககரத்தின் முன்னரே நின்றுவிட வேண்டும். ‘க்ஷோ’ என வரும்போது மட்டும் அது க்ஷகரம் முழுவதையும் தாண்டும். இந்திய மொழிகள் அனைத்திற்கும் ஒரே விதி என்று எழுதப்பட்ட நிரல்கள் தமிழில் தடுமாறும் இடம் இதுவே.

வடிவாக்கம் இல்லாத திரையில் தமிழ் அழகு குன்றித் தோன்றும், ஆயினும் படித்துக்கொள்ளலாம் என்று கருதுவது தவறு. ‘வைர விழா’ என்னும் தொடரை நோக்குக. ஐகாரக்குறி சேமிப்பு வரிசைப்படி வகரத்திற்குப் பின்னர் வரையப்பட்டால், அது அடுத்து நிற்கும் ரகரத்தின் முன் போய் ஒட்டிக்கொள்ளும். படிப்பவர் கண்ணுக்கு அது ‘வரை விழா’. இதில் சிதைந்த எழுத்து என்று ஐயுறுவதற்கு எதுவுமில்லை. ஒரு சொல் மற்றொரு முறையான சொல்லாகிவிடுகிறது. மூலபாட ஆய்வில் ஈடுபடுவோர் இவ்வகைப் பிழையின் தன்மையை நன்கறிவர். ஏடெழுதுவோர் பிழைகளைக் களைந்து பாடம் தேர்ந்தவர்களின் மரபில் வந்தோர், கருவித்தொகுதி உண்டாக்கும் பாடவேறுபாட்டையும் கணக்கில் கொள்ள வேண்டியவராகின்றனர்.

விண்டோஸ் 2000 இயக்குதளம் யூனிஸ்கிரைப் என்னும் வடிவாக்கப் பொறியையும் லதா எழுத்துருவையும் கொண்டு வந்தபோது தமிழ் யூனிகோடு பொதுப் பயனர் கணினியில் முதன்முறையாகச் சீராகத் தெரிந்தது. கட்டற்ற மென்பொருள் உலகில் ஓவன் டெய்லர் முன்னின்று உருவாக்கிய பாங்கோ அவ்விடத்தை நிரப்பியது. ‘எல்லாம்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லும் ‘மொழி’ எனப் பொருள்படும் ஜப்பானியச் சொல்லும் இணைந்த பெயர் அது. 2002 மார்ச்சில் வெளியான ஜிடிகே 2.0 உரை வரையும் பணி முழுவதையும் பாங்கோவிடம் ஒப்படைத்தது. பொத்தானில் உள்ள ஒற்றைச் சொல்கூட அதன் வழியாகவே வந்தது. எந்த இடத்திலும் ‘எளிய உரை’ என்ற குறுக்குவழியை அது விட்டுவைக்கவில்லை என்பதே அவ்வடிவமைப்பின் சிறப்பு. பின்னாளில் பெஹ்தாத் எஸ்ஃபஹ்போத் வளர்த்தெடுத்த ஹார்ஃபஸ் என்னும் பொறி, பாங்கோ, கியூட்டி, ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரெஆஃபிஸ் ஆகிய அனைத்திற்கும் பொதுவாயிற்று. பாரசீகத்தில் அப்பெயர் ‘திறந்த எழுத்து’ எனப் பொருள்படும்.

டிகே வேறு வழியில் சென்றது. விண்டோஸிலும் மேக்கிலும் அது உரையை இயக்குதளத்திடம் கொடுத்துவிடுகிறது. வடிவாக்கம் தானாக நிகழ்கிறது. எக்ஸ் சாளர முறைமையில் 8.5, 8.6 ஆகிய பதிப்பு வரிசைகள் எக்ஸ்எஃப்டி என்னும் நூலகத்தைக் கொண்டு வரியுருவுக்கு ஒரு வரிவடிவமாக வரைந்தன. மென்மையான ஓரங்களோடு எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. வரிசை மட்டும் மாறாமல் நின்றது. முன்னுரையில் காட்டிய ஆய்வாளரின் சாளரம் ஒரு கணினியில் சரியாகவும் மற்றொன்றில் பிழையாகவும் இருந்ததற்குக் காரணம் இதுவே. அவருடைய நிரலிலோ தரவிலோ பிழை ஏதுமில்லை.

டேஸ்-16: எதிர்த்திசைத் தீர்வு

இச்சிக்கலைத் தமிழ்நாடு மற்றொரு முனையிலிருந்தும் அணுகியது. கருவித்தொகுதி ஓர் எண்ணுக்கு ஒரு வடிவம்தான் காட்டும் என்றால், தமிழின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டால் என்ன என்பதே அவ்வணுகுமுறை. அதன்படி அமைந்த 16 பிட்டுக் குறியேற்றம் டேஸ்-16. உயிர், மெய், உயிர்மெய் அனைத்தும் தனித்தனி எண் பெற்றன. மெய் ஒரு திசையிலும் உயிர் மறுதிசையிலும் அமைய, எளிய கணக்கீட்டால் உயிர்மெய்யைப் பிரிக்கவும் கூட்டவும் இயலும். இம்முறையில் ஆலங்குடி ஐந்து எண்களே; பத்து பைட்டுகளே. 2010ஆம் ஆண்டு தமிழக அரசு யூனிகோடோடு டேஸ்-16ஐயும் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது.

எழுத்தெண்ணிக்கை, அகரவரிசை, சந்தி பிரித்தல் ஆகியவற்றில் டேஸ்-16இன் எளிமை மறுக்கவியலாதது. யாப்பாய்வு செய்யும் ஒருவருக்கு அது நேரடியாகவே பயன்படும். ஆனால் அதற்குக் கிடைத்த இடம் யூனிகோடின் தனிப்பயன் பகுதி. 6,400 இடங்கள் கொண்ட அப்பகுதியை எவரும் எதற்கும் பயன்படுத்தலாம். ஆகையால் அங்குள்ள ஓர் எண் தமிழ் எழுத்தா, ஒரு நிறுவனத்தின் இலச்சினையா என்பதைப் பொது மென்பொருள் அறியாது. தேடுபொறிக்கு அது தமிழன்று. திரைவாசிப்பு மென்பொருளுக்கு அது ஒலியன்று. உரிய எழுத்துரு இல்லாத இடத்தில் வெற்றுக் கட்டங்களே தெரியும். 1990களின் டிஸ்கி ஆய்வேடு சந்தித்த நிலை இங்கு மீண்டும் தோன்றுகிறது.

டேஸ்-16இன் வாதம் இலக்கண அடிப்படையில் வலிமை வாய்ந்ததாயினும், அது கருவித்தொகுதியின் குறையை உரையின்மேல் ஏற்றியது. பாங்கோவும் யூனிஸ்கிரைப்பும் அக்குறையைக் கருவித்தொகுதிக்குள்ளேயே தீர்த்தன. உரை நூற்றாண்டுகளுக்கு இருக்க வேண்டியது. கருவித்தொகுதி சில ஆண்டுகளில் மாறுவது. எழுத்துச் சீர்திருத்தத்தை இதற்குச் சான்றாகக் காட்டலாம். 1978இல் தமிழக அரசு ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் வடிவை மாற்றியது. யூனிகோடு உரையில் ‘குடுமியான்மலை’ என்று ஒருமுறை உள்ளிட்டால் போதும். ஈற்றிலுள்ள லையைப் பழைய துதிக்கை வடிவில் காட்டுவதும் புதிய வடிவில் காட்டுவதும் எழுத்துருவின் பொறுப்பு. பழம்பதிப்பொன்றை அதன் அச்சுத் தோற்றத்தோடு காட்டிக்கொண்டே புதிய வடிவில் தேடவும் முடிகின்றது.

திருத்தம்: மறக்கப்பட்ட பாதி

காட்சி சரியாகிவிட்ட கருவித்தொகுதியிலும் உரைப்பெட்டி தனிச் சிக்கலாகவே நீடிக்கின்றது. இடங்காட்டி எங்கெல்லாம் நிற்கலாம்? ‘கொத்தமங்கலம்’ என்னும் ஊர்ப்பெயரின் முதலெழுத்து ககரமும் ஒகரக்குறியுமாக இரு வரியுருக்கள். வரியுருவுக்கு ஒன்றாக இடங்காட்டி நகர்ந்தால், வலம்புற அம்புவிசையை இருமுறை அழுத்தினால்தான் ஓர் எழுத்தைக் கடக்க முடியும். முதல் அழுத்தத்தில் அது கொம்புக்கும் காலுக்கும் இடையே எங்கோ நிற்கும். யூனிகோடின் எழுத்துத் தொகுதி வரையறை இங்கு உதவுகின்றது. அதன் விரிநிலை வரையறை, க்ஷ, ஸ்ரீ போன்ற சில நீங்கலாக, தமிழிலக்கணம் கூறும் எழுத்தோடு பெரும்பாலும் ஒத்துப்போகின்றது. கருவித்தொகுதி அவ்வரையறையை இடங்காட்டி, தெரிவு, நீக்கல் ஆகிய மூன்றிற்கும் பயன்படுத்த வேண்டும்.

நீக்கலில் மட்டும் வழக்கம் இருவகைப்படும். முன்னோக்கி நீக்கும் விசை எழுத்து முழுவதையும் நீக்கும். பின்னழிப்பு விசை கடைசி வரியுருவை மட்டும் நீக்கும். ‘கொ’ என்பதைப் பின்னழித்தால் ‘க’ மிஞ்சும். குறியை மட்டும் மாற்ற விரும்புவோர்க்கு இது வசதியே. ஆயின் ஓகாரக்குறி 3019 என்னும் ஒற்றை எண்ணாகவும் இருக்கலாம். ஏகாரக்குறி 3015, கால் 3006 என்னும் இரட்டை எண்ணாகவும் இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. இரண்டாம் வகையில் உள்ளிடப்பட்ட ‘கோ’வைப் பின்னழித்தால் ‘கே’ தோன்றும். இவ்விரு வடிவங்களும் சமமானவை என யூனிகோடு விதித்துள்ளது. தேடுவதற்கு முன் இயல்பாக்கம் செய்யாத மென்பொருளோ ஒன்றைத் தேடும்போது மற்றதைக் காணாது. புதுக்கோட்டை என்னும் பெயர் ஒரு கோப்பில் 12 வரியுருக்களாகவும் மற்றொன்றில் 13ஆகவும் இருக்கக்கூடும்.

இயல்பாக்கத்தாலும் தீராத ஒன்று ஔகாரம். அதன் வலக்கூறு ளகரத்தைப் போன்றே தோன்றுவதால் ‘கௌரவம்’ என்பதைக் ககர எகரக்குறியோடு ளகரத்தைச் சேர்த்துக் ‘கெளரவம்’ எனப் பலர் உள்ளிடுகின்றனர். கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் இவ்விரண்டும் யூனிகோடில் வேறு வேறு சொற்கள்; சமம் என்று கொள்ள விதியில்லை. தொடரடைவு உருவாக்குவோர் இதனைக் கையாலோ தனி நிரலாலோ திருத்தியாக வேண்டும்.

பதினாறு பிட்டுக்கு அப்பால்

2019 மார்ச்சில் வெளியான யூனிகோடு 12.0 தமிழுக்கு இரண்டாவது பகுதி ஒன்றைத் தந்தது. முந்திரி, அரைக்காணி, காணி முதலிய பின்னங்களும், ஆழாக்கு, உழக்கு, குறுணி, பதக்கு ஆகிய முகத்தலளவைகளும், குழி, வேலி ஆகிய நிலவளவைகளும், காசு, பணம், பொன், வராகன் ஆகிய நாணயக் குறிகளுமாக 51 வரியுருக்கள் அதில் உள்ளன. புதுக்கோட்டைச் சமஸ்தானக் கல்வெட்டுப் பாடங்கள் 1929இல் அச்சேறியவை. அத்தகைய தொகுப்பை மின்னுருவாக்குவோர்க்கு நில அளவைக் குறிகள் ஆடம்பரமல்ல. அம்மன் காசு புழங்கிய சமஸ்தானத்தின் வரவுசெலவுச் சுவடிகளுக்குக் காசுக்குறியும் அத்தகையதே.

ஆனால் இப்பகுதி 65,536க்கு அப்பால் அமைந்துள்ளது. 1/320 என்னும் முந்திரியின் குறியெண் 73,664. 16 பிட்டு அகல வரியுருவில் அது அடங்காது. 55,303, 57,280 என்னும் இரு எண்களின் இணையாகவே எழுத வேண்டும். ‘அகலம்’ எனப்பட்டது அகலம் போதாததாயிற்று. விண்டோஸ் அகல வரியுரு முறையில் ஒரு முந்திரியின் நீளம் இரண்டு. பைதானில் 2012இல் வெளியான 3.3 பதிப்புக்கு முன் சில கட்டமைப்புகளில் இரண்டு, வேறு சிலவற்றில் ஒன்று. இணையின் நடுவே இடங்காட்டி நின்றாலோ, உரை அவ்விடத்தில் வெட்டப்பட்டாலோ எஞ்சுவது பொருளற்ற அரைக்குறி. தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் இப்பகுதி இல்லாமையால், கருவித்தொகுதி வேறோர் எழுத்துருவிலிருந்து வடிவத்தைத் தேடியெடுக்கவும் வேண்டும். நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் இதற்கெனத் தனி எழுத்துரு உள்ளது.

சோதனைச் சொற்கள்

ஒரு கருவித்தொகுதியைத் தமிழாய்வுப் பணிக்குத் தேர்ந்தெடுக்குமுன் அதனைச் சோதிக்க அயல்நாட்டுத் தரப்பட்டியல் எதுவும் தேவையில்லை. ஆலங்குடிப் பகுதியின் ஊர்ப்பெயர்களே போதும். ‘ஆலங்குடி’ கூட்டுவடிவத்தைக் காட்டும். கு, டி ஆகியவற்றின் குறிகள் மெய்யோடு உருகியிருக்க வேண்டும். ‘கீரமங்கலம்’ புள்ளியின் இடத்தைக் காட்டும். ஙகரத்தின் அகலமும் மகரத்தின் அகலமும் வேறாதலின் இரு புள்ளிகளும் ஒரே அளவு விலகியிருந்தால் இடக்கணிப்பு நிகழவில்லை எனக் கொள்ளலாம். ‘கொத்தமங்கலம்’ இருகூற்றுக் குறியைச் சோதிக்கும். ‘புதுக்கோட்டை’ ஓகாரத்தின் இருவகைச் சேமிப்பையும் ஐகாரத்தின் இடமாற்றத்தையும் ஒருங்கே சோதிக்கும்.

‘குடுமியான்மலை’ நீள வரம்பைச் சோதிப்பதற்கு உரியது. எழுத்து ஏழு, வரியுரு பதின்மூன்று, யூடிஎஃப்-8 பைட்டு முப்பத்தொன்பது. உள்ளீட்டுப் பெட்டிக்குப் பன்னிரண்டு என வரம்பிட்டால் ஏழெழுத்துப் பெயர் எளிதில் அடங்க வேண்டும். வரியுருவை எண்ணும் பெட்டி ஐகாரக்குறியை மட்டும் விட்டுவிட்டுக் ‘குடுமியான்மல’ என ஏற்றுக்கொள்ளும். பைட்டை எண்ணும் பெட்டி நான்கு வரியுருக்களோடு நின்று ‘குடு’ என்று முடித்துவிடும். இரண்டிலும் பிழைச்செய்தி எதுவும் திரையில் தோன்றாமல் போகலாம். தரவுத்தளத்தில் அப்பெயர் அவ்வாறே பதிந்துவிடும்.